மாப்பிள்ளை அனுப்பிய மூச்சுக் குழாய்

அன்பும் மதிப்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளின் தந்தையும், மின்தூக்கிகளை ஆய்வு செய்து பாதுகாப்புச் சான்று அளிப்பதைத் தொழிலாகக் கொண்டவனும், சென்ற வாரம் ஐம்பது வயது நிறைந்தவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. எழுதுவது யார் என்பது உறையின் மேல் அடிக்கோல் வைத்து எழுதிய முகவரியைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயினும், எழுதுபவர் யார், எதற்காக எழுதுகிறார் என்ற இரண்டும் முதல் பத்தியிலேயே இல்லாத கடிதங்களை அலுவலகத்தில் நான் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கமாதலால், வீட்டுக் கடிதத்துக்கும் அதே விதியைப் பின்பற்றுகிறேன். நோக்கம் இரண்டு. ஒன்று, உங்கள் மகனை, அதாவது என் மாப்பிள்ளையை, இவ்வளவு நல்ல விதமாகப் பெற்று வளர்த்ததற்காக உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நன்றி தெரிவிப்பது. மற்றொன்று, அவர் என் பிறந்தநாளுக்குப் பரிசாக அனுப்பிய ஏர் இன்டேக் என்னும், இன்ஜினுக்குக் காற்றை இழுத்துத் தரும் கருவியை, எவருடைய உதவியுமின்றி (இச்சொற்றொடரைச் சில பத்திகளுக்குப் பின் சற்றே திருத்திக்கொள்வேன்) நானே என் காரில் பொருத்திய விவரத்தை முறைப்படி தெரிவிப்பது.

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மருந்துக் கடையில் கூட்டம் பெருகட்டும் என்று வாழ்த்தவே விருப்பம்; ஆனால் அது ஊரார் நோயில் விழவேண்டும் என்று வாழ்த்துவதாகிவிடும். ஆகையால், நோயற்றவர்களும் சத்து மாத்திரை வாங்குவதற்காகத் திரளாக வரட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.

இனிப் பொருளுக்கு வருவோம். மாப்பிள்ளை எங்கள் வீட்டு மாடிப்படி ஏறிச் சில மாதங்கள் ஆகின்றன என்பது உங்கள் காதுக்கு எட்டியதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவர் தம் பெருந்தன்மையால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். திருமணமான புதிதில் என் ஆலோசனையைக் கேட்டு, என் வண்டியைப் போன்றே ஒரு வண்டியை அவர் வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு அவர் அதில் தம் விருப்பப்படி வேறொரு சைலன்சரை மாட்டினார். ஒருநாள் மதிய உணவின்போது நான், "மாப்பிள்ளை, உங்க வண்டி தெருமுனையில திரும்பும்போதே எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் எழுந்து நின்னு மரியாதை பண்ணுது" என்று தொடங்கி, குடியிருப்புப் பகுதியில் வாகன ஒலி எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது குறித்துச் சில தகவல்களைத் தெரிவித்தேன். தகவல்களில் பிழையில்லை. அவர் வாயில் கவளம் இருந்த நேரத்தில் தெரிவித்தேன் என்பதுதான் என் மனைவியின் ஆட்சேபம். அன்று முதல் மாப்பிள்ளை எங்கள் மகளை வாசல் கேட்டருகே இறக்கிவிட்டு, கையசைத்து, அப்படியே திரும்பிவிடுகிறார். அதிலும் பாருங்கள், தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, சரிவில் வண்டியை ஓசையின்றி உருட்டியே கேட் வரை வருகிறார். கோபத்திலும் விதியை மதிக்கும் இளைஞரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் மனைவிக்கோ மனம் ஆறவில்லை. "நம்ம பொண்ணு மட்டும் படியேறி வர்றா. அவர் கேட்டுக்கு வெளியவே நிக்கிறார். பால்காரர்கூட மாடிக்கு வர்றார், மாப்பிள்ளை வரமாட்டேங்கிறார். 'வாங்க மாப்பிள்ளை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க நாக்கு என்ன தேஞ்சா போயிடும்?" என்று வாராவாரம் கேட்பாள். சொல்லலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால், ஒலி குறித்த என் தகவல்களை நான் திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் பொருள்படும். சரியான தகவலைத் திரும்பப் பெற எந்த விதியிலும் இடமில்லை. இந்நிலையில், மகளும் வாசலில் நின்று ஒருமுறை வண்டியையும் ஒருமுறை மாடியையும் பார்ப்பதைப் பலகணியிலிருந்து நான் கவனித்து வந்தேன். பிள்ளையின் கழுத்து அப்படி இரு பக்கமும் திரும்புவதைக் காண எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்?

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. என் பிறந்தநாளுக்குச் சற்று முன்பாக, அலுவலகத்திலிருந்து நான் திரும்பியபோது, கூடத்தில் நீளமான ஓர் அட்டைப் பெட்டி. மேலே மாப்பிள்ளையின் பெயரும் எங்கள் வீட்டு முகவரியும். பக்கவாட்டில் என் வண்டியின் வகையும் ஆண்டும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. உள்ளே, கண்ணாடிபோல் மெருகேற்றிய வளைந்த அலுமினியக் குழாய் ஒன்றும், கூம்பு வடிவில் சிவப்பு நிற வடிகட்டி ஒன்றும், இறுக்கு வளையங்களும், ஒரு விளக்கத் தாளும். சம்பந்தி, நான் கலையை அதிகம் அறிந்தவனல்லன். ஆனால் அந்தக் குழாயை நடுக்கூடத்து மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பற்றவைப்புத் தையல், தேர்ந்த தையற்காரர் பட்டுத்துணியில் இட்ட மடிப்பைப்போல் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் ஓடியிருந்தது.

மருந்துக் கடை நடத்தும் உங்களுக்கு உங்கள் துறை வழியே விளக்குகிறேன். நிறுவனம் தந்தபடி உள்ள இன்ஜின், மூடிய பெட்டி ஒன்றின் வழியாக, சளி பிடித்தவர் ஒற்றை மூக்கால் சுவாசிப்பதுபோல் காற்றை இழுக்கிறது. இந்தக் கருவி அதன் மற்றொரு மூக்கையும் திறந்துவிடுகிறது. வண்டிக்கு வேகம் கொஞ்சம் கூடும். ஓசையும் கொஞ்சம் கூடும். இதைப் படித்ததும் எனக்கு மாப்பிள்ளையின் நுட்பம் விளங்கிவிட்டது. ஒலியைப் பற்றிப் பேசியவனுக்கு ஒலியையே பரிசாக அனுப்பி, "மாமா, கொஞ்சம் தாராளமா மூச்சு விடுங்க" என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார்! கோபத்துக்கு இவ்வளவு அழகான பதிலை நான் வாழ்நாளில் பெற்றதில்லை. உடனே ஒரு முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமை மாலை மகளை இறக்கிவிட அவர் கேட்டருகே வரும்போது, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் என் வண்டி இந்தக் கருவியுடன் உறுமி நிற்க வேண்டும். என் வாய்க்கு வராத "வாங்க மாப்பிள்ளை"யை என் வண்டி சொல்லிவிடும். தகவலைத் திரும்பப் பெற்றதாகவும் ஆகாது. மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கூடாது. பிறர் கையால் மாட்டிய பரிசு, பிறர் எழுதிக்கொடுத்த நன்றிக் கடிதத்துக்குச் சமம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளாகப் பிறர் முடுக்கிய போல்ட்டுகளை ஆய்வு செய்து வருகிறேனே தவிர, என் கையால் ஒரு போல்ட்டையும் முடுக்கியதில்லை. எனினும் பணியிட ஒழுங்கை அறிவேன். சனிக்கிழமை காலை வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, "பணி நடைபெறுகிறது, விலகிச் செல்லவும்" என்ற பலகையைத் தொங்கவிட்டு, பாதுகாப்புக் காலணியும் மஞ்சள் தலைக்கவசமும் அணிந்து, பானட்டைத் திறந்தேன். எங்கள் குடியிருப்பில் கேளாமலே எல்லோருக்கும் யோசனை சொல்வதால் 'ஆலோசகர்' என்றே பெயர் பெற்றுவிட்ட ஒருவர் இருக்கிறார். தேநீர்க் கோப்பையுடன் வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார்.

"என்ன சார், பாலம் கட்டப் போறீங்களா?"

"காற்று வடிகட்டி மாற்றப் போகிறேன்."

"அதுக்கு எதுக்கு சார் ஹெல்மெட்? மேல இருந்து காக்காதான் எதாவது போடும்."

நான் பதில் சொல்வதற்குள் பானட், அதைத் தாங்கும் கம்பி சரியாகக் குழியில் அமராத காரணத்தால், நேராக என் தலைமேல் இறங்கியது. தலைக்கவசத்தின்மீது ஒரு மணியோசை, தலைக்குச் சேதமில்லை. பானட்டை உயர்த்திக்கொண்டு நான் ஆலோசகரைப் பார்த்தேன். அவர் தேநீரைப் பார்த்தார். விதிகளை வகுத்த முன்னோர்களை மனத்துக்குள் வணங்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

முதலில் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்தேன். பின்பு பழைய காற்றுப் பெட்டி. அதன் இரு போல்ட்டுகளையும் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றியாயிற்று. குழாயின் வளையத்தைத் தளர்த்தியாயிற்று. காற்றின் அளவை இன்ஜினுக்குச் சொல்லும் சென்சாரின் கம்பியை மெல்ல விடுவித்தாயிற்று. பெட்டி மட்டும் அசையவில்லை. அடியில் ரப்பர் புஷ்களில் செருகியிருப்பதாக விளக்கத் தாள் சொல்லிற்று. எந்த அளவு விசையோடு இழுப்பது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அளவு குறிப்பிடாத இடத்தில் குறைந்த விசையைக் கையாள்வதே முறை என்பதால் அவ்வாறே இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே வந்த என் மனைவி சிறிது நேரம் பார்த்தாள்.

"என்னங்க, அதுகிட்ட சம்மதம் கேட்டுக்கிட்டா இருக்கீங்க? பல்லைக் கடிச்சு ஒரே இழுப்பா இழுங்க!"

"உடைந்துவிட்டால்?"

"உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது. புதுசுதான் கையில இருக்கே."

இதில் மறுக்க ஏதுமில்லை என்பதைக் கண்டு இழுத்தேன். பெட்டி வந்தது, நானும் அதனுடன் பின்னோக்கி வந்து, துணி துவைப்பதற்காக யாரோ நிரப்பி வைத்திருந்த வாளியில் அமர்ந்தேன். ஆலோசகர், "சார், ஹெல்மெட்டை இடுப்புல கட்டியிருக்கணும்" என்றார். என் கவனமோ கையிலிருந்து நழுவி இன்ஜினுக்குள் எங்கோ விழுந்துவிட்ட போல்ட்டின்மீது இருந்தது. டிங், டிங், பிறகு ஒரு 'டொக்'. அந்தக் கடைசி 'டொக்' எங்கே என்பதுதான் கேள்வி. ஆழ்ந்த இருட்டுக்குள் விளக்கடித்துப் பார்த்தும் புலப்படவில்லை. மின்தூக்கிப் பள்ளத்தில் ஒரு திருகு விழுந்தால் அதை எடுக்கும்வரை மின்தூக்கியை இயக்க அனுமதிக்காதவன் நான். எனவே அங்கேயே பணி நிறுத்த உத்தரவு பிறப்பித்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் மனைவி மேலே போனாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் தக்காளி வடிவக் காந்தத்தை எடுத்து, ஒரு நாடாவில் கட்டிக்கொண்டு வந்தாள். கிணற்றில் வாளி விடுவதுபோல் அதை இறக்கி, இப்படி அப்படி ஆட்டி, போல்ட்டோடு தூக்கினாள். என் பணிக்காலத்தில் எத்தனையோ மீட்புக் கருவிகளைப் பார்த்திருக்கிறேன். இதைவிடச் சிக்கனமான ஒன்றைப் பார்த்ததில்லை. முதல் பத்தியில் 'எவருடைய உதவியுமின்றி' என்று நான் எழுதியதை 'வெளியாட்கள் எவருடைய உதவியுமின்றி' என்று இந்த இடத்தில் திருத்திக்கொள்கிறேன்.

பழைய பெட்டியை நான் இகழ்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். துடைத்து வைத்துப் பார்த்தபோது, மழைநீர் புகாமல் தடுக்க அதற்குள் அமைத்திருந்த சிறு தடுப்பையும், ஓசையை விழுங்குவதற்கென்றே ஒதுக்கியிருந்த வெற்றறையையும் கண்டு வியந்தேன். எவரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒரு மூலையை இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறாரே, யாரோ முகம் தெரியாத ஒரு பொறியாளர்! அவருக்கு என் சான்றிதழ் தேவையில்லை. ஆயினும் மனத்துக்குள் ஒன்று வழங்கினேன். பிறகு சென்சாரைப் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதுக் குழாயில் அமர்த்தினேன். அதன் உள்ளே தலைமுடியினும் மெல்லிய ஒரு கம்பி இருக்கிறது, விரல் படலாகாது. காற்று எந்தத் திசையில் பாய வேண்டும் என்பதற்கு ஓர் அம்புக்குறி உண்டு. தலை நிற்காத பச்சிளம் பருவத்தில் எங்கள் மகளை நான் எப்படித் தூக்கினேனோ, அப்படித் தூக்கி வைத்தேன். அம்புக்குறி சரி. குழாய் சரி. சிவப்பு வடிகட்டியைச் செருகி வளையத்தை இறுக்கினேன். விளக்கத் தாளில் தடித்த எழுத்தில் இருந்த அனைத்துக் கட்டளைகளையும் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன்.

இப்போது ஒரு சிக்கல். செய்தவரே சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் துறையின் அடிப்படை விதி. பொருத்தியவன் நான், ஆகவே ஆய்வு செய்யும் தகுதியை இழந்தேன். வேறு வழியின்றி என் மனைவியை ஆய்வாளராக நியமித்தேன். சம்பந்தி, அந்தப் பதவிக்காக அவள் திருமணமான நாள் முதல் காத்திருந்தாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. என் விளக்கை வாங்கினாள். என் பேனாவை வாங்கிக் காதில் செருகினாள். குனிந்து பார்த்து, நாக்கால் 'ச்' கொட்டினாள்.

"இந்த வளையம் கோணலா இருக்கே. ஏற்கத்தக்கதல்ல."

"எங்கே கோணல்? நேராகத்தானே..."

"ஆய்வாளர் பேசும்போது ஒப்பந்தக்காரர் குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்வீங்களே. கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க."

மறுபடியும் மாட்டினேன். "இந்தக் குழாய் பக்கத்துல இருக்கிற ஒயர்ல உரசுதே. நீங்க ஆய்வு பண்ற லிஃப்ட்டா இருந்தா இப்படி விடுவீங்களா?" என்றாள். அதையும் சரிசெய்தேன். உண்மையைச் சொல்கிறேன்: அவள் சுட்டியவை இரண்டும் சரியான குறைகள். நான் ஆய்வாளனாக இருந்திருந்தால் நானும் அவற்றைச் சுட்டியிருப்பேன். ஒரே வேறுபாடு, நான் இவ்வளவு மகிழ்ச்சியாகச் சுட்டியிருக்க மாட்டேன்.

பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உயிர்பெற்றது, ஒரு திணறல், அணைந்தது. மறுபடியும் திருப்பினேன். இருமியது, இழுத்தது, அணைந்தது. கருவிப் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, மகளும் மாப்பிள்ளையும் வரும் நேரம் நெருங்கிவிட்டது. அனைத்தையும் கழற்றி மீண்டும் பூட்டினேன். அதே இருமல்.

"கம்ப்யூட்டர் போயிடுச்சு சார்" என்றார் ஆலோசகர். "என் சகலைக்கு இப்படித்தான் ஆச்சு. வண்டியையே வித்துட்டாரு."

"இவர்கிட்ட போய் யாரு கேட்டா?" என்று என் மனைவி என்னிடம் கேட்டாள், அவருக்குக் கேட்கும்படி.

நான் கிரீஸ் படிந்த கைகளுடன் படிக்கட்டில் அமர்ந்துவிட்டேன். சம்பந்தி, வண்டி ஓடாதது எனக்குப் பெரிதில்லை. அந்த இளைஞர் மனமுவந்து நீட்டிய கையை, நான் பற்றத் தெரியாமல் முறித்துவிட்டேனே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. இன்னும் சிறிது நேரத்தில் அவர் ஓசையின்றி உருண்டு வருவார். கையசைப்பார். போய்விடுவார். மகளின் கழுத்து இரு பக்கமும் திரும்பும். என் வண்டி வாயில்லாப் பூச்சியாய் நிற்கும். அதன் பக்கத்தில் நானும்.

அப்போது என் மனைவி இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்து, "ஏங்க, இந்த ஃபில்டர் ஏன் இப்படிப் பளபளன்னு மின்னுது?" என்றாள்.

"அது பாதுகாப்பு உறை. பிளாஸ்டிக்."

"அதை ஏன் இன்னும் எடுக்கல?"

"நிறுவும் பணி முழுமையடையும்வரை உறையை அகற்ற வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. பணி எப்போது முழுமையடைகிறது? சோதனை ஓட்டம் வெற்றியடைந்து சான்று வழங்கிய பிறகு. எந்த மின்தூக்கியிலும் கதவின் உறையை அதற்கு முன்னால் கிழிக்க நான் அனுமதித்ததே இல்லை."

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தெய்வமே! மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு ஓடு ஓடுன்னா அது எப்படிங்க ஓடும்?"

சம்பந்தி, விதியை நான் மீறவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் அந்த விதி காற்றைக் கலந்தாலோசிக்காமல் எழுதப்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி ஆய்வாளர் என்ற அதிகாரத்தில், அந்த உறையை நகத்தாலேயே கிழித்தெடுத்தாள். அதே நேரம் கேட்டுக்கு வெளியே ஒரு வண்டி உருண்டு வந்து நிற்பது தெரிந்தது. கையில் ஒரு துணிக்கடைப் பையுடன் மகள் இறங்கினாள். கதவு சாத்தப்பட்டது. "திருப்புங்க, திருப்புங்க!" என்று மனைவி கத்த, நான் பாய்ந்து உள்ளே அமர்ந்து சாவியைத் திருப்பினேன்.

அந்த ஓசையை எப்படி வருணிப்பேன்! நெடுநாள் சளி இளகியவர் முதன்முதலாக நெஞ்சு நிறையக் காற்றை இழுப்பதுபோல் ஓர் இழுப்பு. பிறகு அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். என்னையறியாமல் பெடலை மிதித்தேன். குடியிருப்புப் பகுதிக்கான அளவுக்குள்தான் அது இருந்தது என்று நம்புகிறேன், அளக்கவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் எழுந்து நின்று மரியாதை செய்தன. கேட்டுக்கு வெளியே திரும்பத் தொடங்கியிருந்த வண்டி அப்படியே நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். காதைத் தீட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, பலகையைத் தாண்டி உள்ளே வந்தார். அனுமதியின்றிப் பணியிடத்துக்குள் நுழைந்த ஒருவரை நான் தடுக்காதது அன்றுதான்.

திறந்திருந்த பானட்டுக்குள் பார்த்தார். ஒருமுறை எச்சில் விழுங்கினார். அவர் கண்கள் கலங்கியதை நான் கவனித்தேன், கவனியாததுபோல் இருந்துகொண்டேன்.

"இது... எப்ப மாமா வந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது, மாப்பிள்ளை."

"யாரு மாட்டினது?"

"நான்தான். ஆய்வு, உங்கள் அத்தை."

"நீங்களேவா?" என்றார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். கணவன் மனைவிக்குள் இப்படி ஒரு புரிதல் இருப்பது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? பிறகு அவர் அந்தக் குழாயை மெல்லத் தடவிப் பார்த்தார். எனக்கென்று வாங்கிய பொருளின்மீதே அவருக்கு அத்தனை பற்று.

"பெட்டி இருக்கா மாமா?" என்று கேட்டார்.

"மடித்து, கட்டி, மறுசுழற்சிக்கு அன்றே போட்டுவிட்டேன். வீட்டில் குப்பை சேரக் கூடாதல்லவா?"

"ஆமாமா. சேரக் கூடாது." குழாயை இன்னும் ஒருமுறை தடவினார். பிறகு சிரித்தார். முழுதாக, வாய்விட்டு, பல மாதங்களுக்குப் பிறகு. "சூப்பரா மாட்டியிருக்கீங்க மாமா. அந்தக் கீழ் பிராக்கெட் மட்டும் கொஞ்சம் லூசா இருக்கு. ஒரு ஸ்பேனர் கொடுங்க."

நான் ஸ்பேனரைக் கொடுத்தேன். அவர் முடுக்கினார், நான் விளக்குப் பிடித்தேன். "வலப்பக்கம் கொஞ்சம், மாமா." "இப்படியா?" "இன்னும் கொஞ்சம்." அவ்வளவுதான் பேசினோம், ஆனால் மதிய உணவு மேசையில் நான் பேசிய அத்தனையையும்விட அது நல்ல உரையாடல். முடிந்ததும், அழைக்காமலே, எனக்கு முன்னால் மாடிப்படி ஏறினார். தேநீர் அருந்தினார். பேட்டரி இணைப்பில் தொடங்கி நான் ஒவ்வொரு படியாக விவரித்ததை ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டார். பிளாஸ்டிக் உறையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தேநீர் புரையேறிற்று. என் மனைவி அவர் தலையைத் தட்டிக்கொடுத்தாள்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதக் காரணம், பிள்ளையைப் பற்றிப் பிறர் புகழ்வதைக் கேட்பது பெற்றவர்களுக்குரிய உரிமை என்று நான் கருதுவதுதான். எதிர்த்துப் பேசாமல், முகம் கோணாமல், ஒரு பரிசால் என் வாயை அடைத்து, அதே பரிசால் என் வீட்டுக் கதவையும் திறந்துகொண்ட உங்கள் மகனின் பண்பு நீங்கள் வளர்த்த வளர்ப்பு. எங்கள் வீட்டிலிருந்து உங்கள் இருவருக்கும் அன்பும் வணக்கமும். நீங்கள் நீடு வாழவும், உங்கள் வீட்டில் காற்றும் வெளிச்சமும் தடையின்றி வரவும், பிள்ளைகள் இருவரும் ஒருவர் பார்வையை ஒருவர் படித்தபடியே நூறாண்டு இருக்கவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: எழுதியவரே சரிபார்க்கக் கூடாது என்பதால் இக்கடிதத்தை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். 'பரிசு' என்ற சொல் முதலில் வரும் இடத்திலேயே சிரிக்கத் தொடங்கியவள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, அது உங்களுக்கு வந்ததே இல்லைங்க" என்றாள். தம் வண்டிக்காக மாப்பிள்ளை நெடுநாளாக ஆசைப்பட்டு வரவழைத்த கருவியாம் அது. பகலில் அவர்கள் வீட்டில் ஆளில்லை என்பதால் மகள் எங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறாள். எனக்கான பரிசு, அன்று அவள் கையில் இருந்த துணிக்கடைப் பையிலிருந்த சட்டை. "மாமாகிட்ட மூச்சு விடக் கூடாது, அவர் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்லை" என்று மாப்பிள்ளை அன்று சமையலறையில் தாய், மகள் இருவரிடமும் உறுதி வாங்கினாராம். ஆகவே மேலே 'பரிசு' என்று வரும் இடங்களிலெல்லாம் 'பறிமுதல்' என்று திருத்தி வாசிக்கவும். அவர் கண்கள் கலங்கியது உணர்ச்சியால்தான். எந்த உணர்ச்சி என்பதில் மட்டும் என் கணிப்பு பிழை. அவருடைய நுட்பம், சொல்லாமல் சொன்ன செய்தி முதலிய அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். அவர் பண்பைப் பற்றி எழுதியது மட்டும் போதாது என்று தோன்றுகிறது; அதை இரு மடங்காகக் கொள்ளவும்.

கண்ட பிழையைப் பதிவு செய்யாமல் நான் விட்டதில்லை. இதை விடப்போகிறேன். எனக்குத் தெரியும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். அதே கருவி ஒன்றை வரவழைத்திருக்கிறேன். அது உங்கள் கடை முகவரிக்கு, என் பெயரில் வரும். அன்புகூர்ந்து அதை உங்கள் பிறந்தநாளுக்கு நான் அனுப்பியதாக எண்ணிப் பிரித்துவிடாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நான் நேரில் வந்து, உங்கள் மகன் எவ்வளவு வேண்டாமென்று தடுத்தாலும், அவர் வண்டியில் அதை என் கையாலேயே பொருத்தப் போகிறேன்.